பயணியர் கடைவீதியும் கடலோரக் குடியிருப்பும்: தமேல் முதல் ஜெகதாப்பட்டினம் வரை

வெளியூரிலிருந்து வருவோரை மட்டுமே நம்பி வாழும் கடைவீதிகள் உலகின் பல நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே தோற்றத்துடன் காணப்படுகின்றன. தங்கும் விடுதிகள், பயண முகவர் அலுவலகங்கள், நாணயம் மாற்றும் கடைகள், துணி, நகை, கைவினைப் பொருள் விற்போர், பல நாட்டு உணவு பரிமாறும் உணவகங்கள், இசையோடு மது வழங்கும் கூடங்கள் ஆகிய அனைத்தும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள் நெருங்கி அமைந்து, ஊரின் மற்றப் பகுதிகள் அடங்கும் வேளையில் விழித்தெழும் இத்தகைய இடத்தைப் பயணியர் வட்டாரம் என்று குறிப்பிடலாம். இவ்வட்டாரங்கள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றின் வருவாய் யாருக்குச் சேருகிறது, அவ்விடத்தில் முன்பே குடியிருந்தோர் பின்னாளில் என்ன ஆகிறார்கள் என்னும் கேள்விகள், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்து, சுற்றுலாவின் பெயரை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கும் புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்துக்கு, குறிப்பாக ஜெகதாப்பட்டினத்துக்கு, நேரடியாகப் பொருந்துவன. விடை தேடுவதற்கு, இமயமலை அடிவாரத்துக் காத்மாண்டுவின் தமேல் பகுதியையும், தமிழ்நாட்டில் அதற்கு மிக நெருக்கமான இணையாக உள்ள மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெருவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

அயலாருக்கென்று தனிக் குடியிருப்பும், இரவில் நடக்கும் வணிகமும் தமிழர்க்குப் புதியவை அல்ல. புகாரின் கடலோரப் பகுதியான மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருப்பிடங்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பகல் சந்தையாகிய நாளங்காடியும் இரவுச் சந்தையாகிய அல்லங்காடியும் மதுரையில் நடைபெற்றதை மதுரைக்காஞ்சி விவரிக்கிறது. ஆனால் அங்கே வந்தவர்கள் பொருள் கொண்டுவந்து பொருள் வாங்கிச் சென்ற வணிகர்கள். இன்றைய பயணி வாங்குவதற்கும் பார்ப்பதற்கும் மட்டுமே வருகிறார் என்பதால், அவருக்காக எழும் கடைவீதியின் இயல்பும் வேறாகிறது.

தமேல், காத்மாண்டுவின் பழைய நகருக்கு வடக்கே நேவார் மக்கள் வாழ்ந்த பழம்பகுதி. 11ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குப் பௌத்தம் பரப்பச் சென்ற அதிசருடன் மரபுவழியில் இணைத்துப் பேசப்படும் விகாரை ஒன்று இன்றும் அதன் நடுவே உள்ளது. 1950களில்தான் நேபாளம் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. 1960களில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக வந்த ஹிப்பி இளைஞர்கள் தமேலில் தங்கவில்லை; அரண்மனைச் சதுக்கத்துக்குத் தெற்கே உள்ள ஜோச்சென் தெருவில்தான் குழுமினர். கஞ்சா அக்காலத்தில் அங்கே உரிமம் பெற்ற கடைகளில் சட்டப்படி விற்கப்பட்டது. 1973இல் அரசு அந்த உரிமங்களை ரத்து செய்ததும், 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் தரைவழியை அடைத்ததும், ஜோச்சென் தெருவின் காலத்தை முடித்துவைத்தன.

அதே காலத்தில் வேறு வகைப் பயணி ஒருவர் உருவாகிக்கொண்டிருந்தார். 1964இல் ஜிம்மி ராபர்ட்ஸ் என்னும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, மலைப்பாதை நடைப்பயணங்களைக் கட்டணத்துக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். டிரெக்கிங் எனப்படும் இவ்வகை நடைப்பயணத்துக்கு வருபவர்க்கு மலைக்குப் புறப்படும் முன் இரண்டு நாளும், திரும்பிய பின் இரண்டு நாளும் தங்க மலிவான அறை வேண்டும். வாடகைக்குத் தூக்கப்பையும் குளிர்ச்சட்டையும் வேண்டும். வழிகாட்டியும் சுமை தூக்குவோரும் வேண்டும். 1960களின் இறுதியில் ராணா பிரபுக்குலத்தாரின் பழைய மாளிகை ஒன்றில் கர்ண சாக்கிய தொடங்கிய காத்மாண்டு கெஸ்ட் ஹவுஸ் இத்தேவையை நிறைவு செய்தது. அதைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் மாடியறைகளை வாடகைக்கு விட்டார்கள்; பின்னர் தரைத்தளத்தைக் கடைகளாக்கினார்கள்; பின்னர் வீட்டையே இடித்து ஐந்து, ஆறு மாடிகள் எழுப்பினார்கள். மலையேற்றக் குழுக்கள் விட்டுச்சென்ற கயிறும் காலணியும்தான் பல கடைகளின் முதல் சரக்கு. எந்த அரசுத் திட்டமும் தமேலை உருவாக்கவில்லை என்பது இவ்வரலாற்றில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது. அருகில் ஓர் ஈர்ப்பு, சொந்த வீட்டில் மிச்சமாக ஓர் அறை, அதை வாடகைக்கு விடத் துணிந்த உள்ளூர்க் குடும்பம் என்ற மூன்றும் சேர்ந்தபோது அது தானாக எழுந்தது.

தமிழ்நாட்டிலிருந்து காத்மாண்டு செல்வோரில் பெரும்பாலோர் பசுபதிநாதரையும், திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய தலமாகக் கருதப்படும் முக்திநாத்தையும் வழிபடச் செல்பவர்கள். தமேல் கடைகளில் அவர்கள் தேடுவன ருத்திராட்சம், சாளக்கிராமம், பஷ்மினா சால்வை ஆகியவை. 1993 முதல் 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்று மதிப்பு நிலையாக வைக்கப்பட்டுள்ளதால், கடைக்காரர் சொல்லும் விலை எந்த நாட்டு ரூபாயில் என்பதைக் கேட்டுக்கொள்வதே பேரத்தின் முதல் படி. கடை வாசலில் விற்பனையாளர் ஒரு வெண்கலக் கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, தோல் சுற்றிய மரக்கட்டையால் அதன் விளிம்பை மெல்ல வருடுவார். சில சுற்றுகளுக்குப் பின் கிண்ணம் அதிரத் தொடங்கி ஒரே சுருதியில் நீண்டு ஒலிக்கும். கையால் தட்டி உருவாக்கிய கிண்ணத்தின் உடலில் சுத்தியல் தழும்புகள் ஒழுங்கின்றி இருக்கும். அச்சில் வார்த்ததோ வழவழப்பாக இருக்கும். வாங்குவோர் அதைப் பார்த்தாலே தரத்தை ஓரளவு அறியலாம். சால்வையில் அவ்வளவு எளிதில் அறிய முடியாது. மலையாட்டின் அடிமயிரில் நெய்த உண்மையான பஷ்மினாவோடு, செயற்கை இழையில் நெய்ததும் அதே பெயரில் அடுக்கப்பட்டிருக்கிறது. புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் தைத்த போலிக் குளிர்ச்சட்டைகள் இன்று தமேலின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

தமேலின் இரவுக்கு ஒளியும் உண்டு, ஆழ்ந்த நிழலும் உண்டு. ஒரு காலத்தில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு நிலவிய நகரில், 2016இன் இறுதியில் அது நீங்கும்வரை, விடுதிகளும் இசைக்கூடங்களும் டீசல் இயந்திரங்களை நம்பியே இயங்கின. 2017இல் அதன் மையத் தெருக்களில் வாகனங்கள் தடை செய்யப்பட்டபின் நடந்து செல்வோர்க்கு நிம்மதி கிடைத்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 உயிர்கள் பறிபோன நாட்டில், இத்தெருக்களின் வருவாய் மீண்டதே பலருடைய வாழ்வு மீண்டதற்கு வழியாயிற்று. ஆயினும் நடன மதுக்கூடங்களில் கிராமப்புற ஏழைப் பெண்களும் சிறுமியரும் சுரண்டலுக்கு உள்ளாவது நீண்டகாலக் கொடுமை. 2008இல் நேபாள உச்ச நீதிமன்றம் இதைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வகுக்க நேர்ந்தது. இரவு வணிகத்தை வருவாய்க் கணக்கில் மட்டும் பார்க்கும் எந்த ஆய்வும் முழுமையற்றது. அவ்வருவாய் யாருடைய உழைப்பிலிருந்தும் யாருடைய இயலாமையிலிருந்தும் வருகிறது என்பது அதே கணக்கில் சேர்க்கப்பட வேண்டியது.

புவியியலாளர் ஆர்.டபிள்யூ. பட்லர் 1980இல் முன்வைத்த 'சுற்றுலாத்தல வாழ்க்கைச் சுழற்சி' என்னும் கருத்து இவ்வளர்ச்சியை விளக்கப் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. முதலில் தனித்தனியாகச் சிலர் வந்து ஓர் இடத்தைக் கண்டுகொள்கிறார்கள். உள்ளூரார் அவர்களுக்கு வசதி செய்துகொடுக்கத் தொடங்குகிறார்கள். பின்னர் வெளி முதலீடு நுழைந்து வளர்ச்சியைத் தன் கைக்குள் கொண்டுவருகிறது. முடிவில் இடம் தேங்கி, நலியவோ புதுப்பிறவி எடுக்கவோ செய்கிறது என்பது அதன் சாரம். இச்சுழற்சியில் உள்ளூராரின் விதியைத் தீர்மானிப்பது இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளே. அப்போது நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களே பின்னாளின் வருவாய்க்கும் உரியவர்கள். தமேலில் பழைய குடும்பங்கள் பல வாடகை வாங்கும் நிலையில் நிலைத்தன. கடற்கரைகளில் நிலைமை அவ்வாறு இல்லை.

மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெரு இதற்குத் தமிழ்நாட்டின் சிறந்த எடுத்துக்காட்டு. கிழக்கு ராஜ வீதியிலிருந்து பிரிந்து கடலை நோக்கிச் செல்லும் இத்தெருவின் முனையில் மீனவர் குடியிருப்பு உள்ளது. பல்லவர் சிற்பங்கள் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 1992 முதல் மார்கழி, தை மாதங்களில் நாட்டிய விழா நடைபெற்று வருகிறது. 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச்சாலையாக மேம்படுத்தப்பட்டபின் சென்னையிலிருந்து வருவது ஒரு மணி நேரப் பயணமாயிற்று. ஓலைக்குடிசையும் ஓட்டுவீடும் இருந்த தெருவில் மாடி விடுதிகளும் மொட்டைமாடி உணவகங்களும், ஒரே நாளில் சட்டை தைத்துக் கொடுக்கும் தையற்கடைகளும், காஷ்மீர் வணிகர்களின் கம்பள, வெள்ளிக் கடைகளும் எழுந்தன. அன்று பிடித்த வஞ்சிரம், கொடுவா, இறால், நண்டு ஆகியவற்றைத் தட்டில் வைத்து மேசைக்கே எடுத்துவந்து, பயணி விரலால் சுட்டியதை எடைபோட்டு விலை சொல்லி, பூண்டும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்டுத்தரும் வழக்கம் இத்தெருவின் அடையாளமாயிற்று. படகிலிருந்து மேசைவரை மீன் கடக்கும் தொலைவு சில நூறு மீட்டர்தான். ஆனால் கடற்கரையில் மீனவப் பெண்ணுக்குக் கிடைக்கும் விலைக்கும் மேசையில் பயணி தரும் விலைக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டில் பங்கு கிடைப்பது, கடையோ விடுதியோ சொந்தமாக வைத்திருக்கும் மீனவக் குடும்பத்துக்கு மட்டுமே.

கைவினையிலும் இதே கேள்வி எழுகிறது. 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. மாமல்லபுரம் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன. ஓர் ஊரின் பெயரில் அவ்வூரில் செய்ததை மட்டுமே விற்கலாம் என்னும் சட்டப் பாதுகாப்பே புவிசார் குறியீடு. ஆயினும் சுற்றுலாப் பேருந்து நிற்கும் இடத்துக் கடைகளில் மாக்கல்லில் செய்த சிறு பிள்ளையாரும் யானையும் எங்கே செய்யப்பட்டவை என்று கேட்பவர் குறைவு. பயணியைக் கடைக்கு அழைத்துவரும் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் கடைக்காரர் தரும் கமிஷன் விலையில் ஏற்றப்படுவதால், உளி பிடித்தவருக்குச் சேரும் பங்கு மேலும் சுருங்குகிறது. தமேலில் சால்வைக்கு நேர்ந்ததே இங்கே கல்லுக்கும் நேர்கிறது.

2021-22 நிதியாண்டில், தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களைப் பார்த்த வெளிநாட்டவர் எண்ணிக்கையில் மாமல்லபுரம் ஏறத்தாழ 1.44 லட்சத்துடன் தாஜ்மகாலையே முந்தியது. பெருந்தொற்றால் அனைத்தும் சுருங்கியிருந்த ஆண்டு அது என்பதை மறக்கலாகாது. 2022இல் பூஞ்சேரியில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடும், 2023 முதல் நடக்கும் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டிகளும் ஊரின் பெயரைப் பரப்பின. மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பயிற்றுநர்களாக மாறியிருப்பது இவற்றுள் மிகவும் நம்பிக்கை தருவது. கடலைப் படித்த அறிவையே அவர்கள் விற்கிறார்கள். அதை வெளியிலிருந்து முதலீட்டுடன் வருபவர் எளிதில் பறித்துவிட முடியாது.

இரவு வாழ்க்கை என்னும் கூறில் மாமல்லபுரம் தமேலுக்கு ஈடாகாது, ஆக வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியே அரசிடம் உள்ளது. உரிமம் பெற்ற இடங்களில் மட்டுமே பரிமாற இயலும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என 2019இல் அரசு ஆணையிட்டபோதிலும், சிற்றூர்களின் இரவை அது மாற்றவில்லை. ஆயத்தீர்வை வேறுபட்ட புதுச்சேரியில் வார இறுதி இரவு முற்றிலும் வேறு வகையில் அமைகிறது. ஆனால் புதுச்சேரியில் போற்றத்தக்கது அதன் மதுக்கூடங்கள் அல்ல. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திவைத்து, கட்டணம் ஏதுமின்றிக் குழந்தைகளும் முதியோரும் நடக்கத் தந்திருப்பதே போற்றத்தக்கது. வேளாங்கண்ணியில் மதுவையும் இசைக்கூடத்தையும் நம்பாமலே, கடற்கரைக்குச் செல்லும் வழியெங்கும் மீன் வறுவல் கடைகளும் சங்கு, பாசிமணிக் கடைகளும் இரவு நெடுநேரம் நெரிசலோடு நடக்கின்றன. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழா நாட்களில் அவ்வீதி உறங்குவதே இல்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் விரும்பும் இரவுக் கடைவீதி எது என்பதற்கு வேளாங்கண்ணி தெளிவான விடை.

நிலம் கைமாறும் கேள்வி 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கூர்மையாக வெளிப்பட்டது. இலங்கை அரசு கடலிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், வடகிழக்கில் 200 மீட்டருக்குள்ளும் வீடு கட்டத் தடை விதித்தது. பின்னர் அதைத் தளர்த்தியது. தமிழ் பேசும் மக்கள் மிகுந்த அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பே, அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற விரிகுடா. மீனவர் குடிசைகள் இருந்த அவ்விடத்தைச் சுற்றுலாத்தலமாக மாற்றும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்துப் போராடியதை 2007இல் நவோமி கிளைன் தம் நூலில் உலகறியச் செய்தார். தமிழ்நாட்டிலும் 2005 மார்ச்சில் வெளியான 172ஆம் எண் அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தோர் அதற்கு அப்பால் நகர்ந்தால் புதிய வீடு கிடைக்கும், ஆனால் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. பாதுகாப்பு கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் வீடு நகர்ந்த இடத்தில் படகு நகர முடியாது. மீனவர் விலகிய கரை நெடுநாள் வெறுமையாக இருப்பதுமில்லை.

இப்பின்னணியில் ஜெகதாப்பட்டினத்தைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில், கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் இடையே, விசைப்படகுத் தளமாக அமைந்த ஊர் இது. இங்குள்ள பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலை தணிந்தது, கரை சேறு கலந்தது. ஆகவே மாமல்லபுரத்தின் அலைச்சறுக்கோ கோவளத்தின் மணற்பரப்போ இங்கே கிடையாது. ஆனால் இதற்கென்று ஓர் இரவு உண்டு. மீன்வளத் துறையின் டோக்கன் பெற்றுக் கடலுக்குச் சென்ற படகுகள் திரும்பும் வேளையில், பனிக்கட்டி உடைக்கும் ஓசையும் ஏலக் கூவலும் தேநீர்க்கடை அடுப்புகளும் சேர்ந்து தளத்தை விழிக்கவைக்கின்றன. நீலக்கால் நண்டும் இறாலும் கணவாயும் ஏற்றுமதிக்காகத் தரம் பிரிக்கப்பட, மிஞ்சியவை உள்ளூர்ச் சந்தைகளுக்குப் போகின்றன. மாவட்ட எல்லையை ஒட்டிய கட்டுமாவடியின் மீன் சந்தையும் இதே வகையில் பெயர்பெற்றது.

இத்தொழில் இன்று நெருக்கடியில் உள்ளது. எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை படகுகளைப் பறிமுதல் செய்வதும் மீனவரைச் சிறைபிடிப்பதும் தொடர்கின்றன. 2017இல் இலங்கை இழுவைமடி முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இந்திய அரசு பாக் விரிகுடா விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்ற மானியத் திட்டம் அறிவித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரைகடந்த கஜா புயல் இக்கரைக்கும் கடும் சேதம் விளைவித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலத்தில் வீடுகளில் வருவாய் இல்லை. அந்த 61 நாட்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையோடு ஒத்துப்போவதைத் திட்டமிடுவோர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. குடும்பங்கள் ஊர்ப் பயணம் கிளம்பும் பருவமும், மீனவக் குடும்பங்களுக்கு வேறு வருவாய் மிகத் தேவைப்படும் பருவமும் ஒன்றே.

ஈர்ப்புக்கும் குறைவில்லை. மாணிக்கவாசகர் வாழ்வோடு இணைந்ததும், கருவறையில் லிங்கத் திருமேனி இல்லாததும், கல்லை மரச்சட்டம்போல் இழைத்த கொடுங்கைகளுக்குப் பெயர்பெற்றதுமான ஆவுடையார்கோயில் கரையிலிருந்து உள்ளே தள்ளி உள்ளது. அலையாத்திக் காடு அமைந்த முத்துக்குடாவைப் படகுச் சவாரியுடன் சுற்றுலாத்தலமாக்க அரசு முனைந்துள்ளது. நாகூர், வேளாங்கண்ணி, இராமேசுவரம் செல்லும் பயணிகளின் வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள்தோறும் கடந்துசெல்கின்றன. இவ்வூர் தமேலாக மாறாது; மாறவும் தேவையில்லை. வேளாங்கண்ணி மாதிரியில், குடும்பத்தோடு வருவோர் நிறுத்தி உண்டு, ஓரிரவு தங்கி, விடியலில் படகுத்தளத்தையும் அலையாத்தியையும் கண்டு செல்லும் சிறு வட்டாரமாக இக்கரை வளர முடியும். அதற்கு வேண்டியவை தூய கழிப்பறை, கழிவுநீர் கடலில் கலக்காத ஏற்பாடு, நல்ல குடிநீர், மீனவப் பெண்கள் நடத்தும் உணவுக்கடைகளுக்கு உரிமம், தளத்தில் பார்வையாளர் நிற்கத் தனியிடம் ஆகியன.

சட்டமும் ஓரளவு துணைநிற்கிறது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் கட்டுமானத் தடைப் பகுதிக்கு வெளியே, மீனவர் உள்ளிட்ட உள்ளூர்ச் சமூகத்தார் தம் வீட்டின் தரைப்பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் பயணிகளுக்கு அறை தரும் வீட்டுத்தங்கல் முறையை அனுமதிக்கிறது. அதே அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியும் உள்ளது. முதலாவது விதி மீனவருக்கு வாசல் திறக்கிறது; இரண்டாவது விதி பெரும் விடுதிகளுக்கும் திறக்கிறது. எது முன்னால் பயன்படுத்தப்படுகிறது என்பதில்தான் இவ்வூரின் எதிர்காலம் அடங்கியுள்ளது. வலை உலர்த்தும் திடலும், படகு ஏற்றும் கரையும், கருவாடு காயவைக்கும் மணலும் பெரும்பாலும் எவர் பெயரிலும் பட்டா இல்லாத பொதுப் பயன்பாட்டு நிலங்கள். ஆவணத்தில் வெற்றிடமாகத் தெரியும் நிலமே முதலில் கைமாறும். ஆகவே, ஜெகதாப்பட்டினக் கரையில் முதல் விடுதிக்கு அனுமதி கோரும் மனு வருவதற்கு முன்பாகவே, மாவட்ட நிர்வாகமும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்து இந்நிலங்களை அளந்து, கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர் பயன்பாட்டு இடங்களாகப் பதிவுசெய்து, கிராம சபையில் படித்துக்காட்டி உறுதிசெய்ய வேண்டும்.